ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை

1

இந்த வருடமும் கடிதம் வந்துவிட்டது. குளிர்காலக் காய்ச்சலுக்கு ஊசி, வயதானவர்கள் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிலாந்தின் கொவன்ட்ரியில் எங்கள் பகுதி மருத்துவ நிலையம் இலை உதிரத் தொடங்கியதும் அனுப்பும் கடிதம். வழக்கம்போல என் அப்பாவைத்தான் அழைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தொலைத்ததால் இந்த நாட்டில் நான் ‘மிஸ்டர் மாரிமுத்து’. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மண்ணில் எப்போதோ அடங்கிவிட்ட மனிதரைத் தேடி ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

போன வருடம் இதே ஊசிக்குப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. ஊசி போட்ட தாதி என் கையை விடவில்லை. வயதானவர்கள் வந்தால் நாடி பிடித்துப் பார்ப்பது இங்கே வழக்கமாம். மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விரலை எடுத்து மறுபடி வைத்தாள். நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மூச்சு வாங்குகிறதா என்றாள். படி ஏறினால் யாருக்குத்தான் வாங்காது? அடுத்த வாரமே நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஒழுங்காக இடைவெளி விட்டு எழும்ப வேண்டிய கோடு அந்தக் காகிதத்தில் தன் இஷ்டத்துக்கு எழும்பியிருந்தது.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று என் மகள் தேவியும் கூட வந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள், வேறு நகரத்தில் வேலை. என் ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம். அவள் தமிழ் எனக்குக் கொஞ்சம் துக்கம். டாக்டர் பேசப் பேச அவள் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த வயதில் இது நிறையப் பேருக்கு வருவது என்று டாக்டர் சொன்னதை அவள், “அப்பா, உங்க வயசுல இது ரொம்ப சாதாரணம்” என்றாள்.

தமிழில் ஒரு நோயைச் சாதாரணம் என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. நான் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு டாக்டருக்கு நன்றி சொன்னேன். இரண்டு பேரும் என்னை விழித்துப் பார்த்தார்கள். பிறகு உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னார்கள். நிறையப் பேருக்கு வருகிறது என்பதால் சின்ன விஷயம் என்று அர்த்தமில்லை. இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் சேர்ந்து அமுக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தில் ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகிவிடலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ஒரு மாத்திரை உண்டு, சாகும்வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

தோட்டத்தில் காலையில் ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டில் கங்காணி சத்தம் யாருக்கும் கேட்காமல், ஆளாளுக்கு ஒரு தேயிலை மலைக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும்? என் நெஞ்சுக்குள் அப்படித்தான் நடக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். எனக்குப் பயம் வந்தது. ஆனால் இந்தக் குறிப்புகளை நான் என் நெஞ்சைப் பற்றி எழுதவில்லை. என் அக்காவின் நெஞ்சைப் பற்றி எழுதுகிறேன்.

2

இங்கே தமிழ் முதியோர் வாரம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுவோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். மலையகத்தான் நான் ஒருவன்தான். நான் ‘பேசினேன்’ என்பேன், அவர்கள் ‘கதைத்தனான்’ என்பார்கள். நீங்கள் இந்தியாவோ என்று இன்னும் யாராவது ஒருவர் கேட்பார். தோட்டம் என்றால், ஓ என்று ஓர் இழுவை. அந்த இழுவையை நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டேன்.

மாத்திரை தொடங்கிய வாரம், சோற்றோடு அதை விழுங்குவதை எதிரே இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் பார்த்துவிட்டார். என்ன மாத்திரை என்று கேட்டு, தன் சட்டைப்பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“எனக்கும் உதுதான். கனகாலமா.”

பக்கத்தில் இருந்த அம்மா தனக்கும் என்றார். மேசையின் அந்தக் கோடியில் ஒருவர் கை தூக்கினார். பருப்புச் சட்டியை எடுத்து வந்த பெண், தன் தாய்க்கும் தாயின் இரண்டு சகோதரிகளுக்கும் இருக்கிறது என்றாள். நான் என்னவோ எனக்கு மட்டும் வந்த கேடு என்று ஒரு வாரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே சோறு சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் நெஞ்சு தாறுமாறாக அடிக்கிற ஆட்கள். வயது ஏற ஏற வருவதாம். பலருக்கு வந்ததே தெரியாதாம். எனக்கும்தான் தெரியவில்லை, அந்தத் தாதி கையைப் பிடிக்காவிட்டால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. வயதானவர்களில் இத்தனை பேருக்கு வருகிறதென்றால் நம் தோட்டத்தில் மட்டும் வராமல் இருக்குமா? நம் ஆட்களுக்கு என்ன வேறு நெஞ்சா?

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வரிசைக்கு ஒருவராவது வாய் கோணி, ஒரு கை மடங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருப்பார்கள். நேற்றுவரை மலைக்குப் போன ஆளாக இருக்கும். காலையில் பார்த்தால் பேச்சு இருக்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ‘முனி அடிச்சிருச்சு’ என்பார்கள். உச்சி வெயிலில் ஓடைப் பக்கம் தனியாகப் போயிருப்பார், முனி அடித்திருக்கும். சேவல் அறுத்துப் பூசை வைப்பார்கள். பிறகு அந்த ஆள் படுத்தே கிடந்து செத்துப்போவார். நானும் நம்பினேன். ஓடைப் பக்கம் போனால் ஓடித்தான் கடப்பேன்.

அவர்களில் எத்தனை பேருடைய மணிக்கட்டை யாராவது ஒருவர் பிடித்துப் பார்த்திருப்பார்கள்?

3

அக்கா பார்வதி என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதிமூன்று வயதில் கூடையைத் தலையில் மாட்டினாள். நான் பள்ளிக்கூடம் போனது, பிறகு அதே பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படிப்பித்தது, கப்பல் மாதிரி ஒரு பெட்டியோடு விமானம் ஏறியது எல்லாம் அவள் முதுகில் ஏறி நடந்தவை. இதை அவளிடம் சொன்னால் ஏசுவாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

இப்போதும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். மகன் மோகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மருமகள் சாந்தி அக்காவோடு இருக்கிறாள். நான் ஒரு பெரிய கடையின் பேக்கரியில் காலை வேலை பார்க்கிறேன். பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அங்கே பொழுது சாயும் நேரம். தினமும் அப்போதுதான் பேசுவோம்.

எனக்கு இன்ன நோய் என்று சொன்னேன். கவலைப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, இது ஒரு நோயா என்று கேட்டாள்.

“எனக்கும் அப்பப்ப அப்படித்தான் தம்பி. நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்கிற மாதிரி இருக்கும். யாருக்கோ கெட்டது நடக்கப்போவுதுன்னு மனசு சொல்லுது. அப்பதானே ஒனக்குப் போன் போடச் சொல்வேன்.”

எத்தனை வருடமாக என்றேன். மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே என்றாள்.

வேலை நேரத்தில் திடீரென்று அவளிடமிருந்து போன் வரும். எடுத்தால், “நீ நல்லா இருக்கியா?” என்பாள். நல்லா இருக்கேன் என்றால் வைத்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் நெஞ்சு தடுமாறிய போதெல்லாம் என் சுகத்தை விசாரித்திருக்கிறாள். அன்றைக்கு அது விளங்கியபோது என்னால் சாப்பிட முடியவில்லை.

தோட்டத்து மருந்துக்கடைக்குப் போனாயா என்று கேட்டேன். போயிருக்கிறாள். கேஸ்டிக் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வந்தாலும் அது கேஸ்டிக்தான். மூச்சு வாங்கினால் வயசு. கால் வீங்கினால் மலை ஏறி இறங்கிய உடம்பு. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது.

வீடியோவில் சாந்திக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, நரம்புக்கு வெளிப்பக்கம், அழுத்தாமல் வை. அவள் விரலை வைத்து வாய்க்குள் எண்ணினாள். ரெண்டு அடித்துவிட்டு நிற்கிறது, பிறகு ஓடுகிறது என்றாள். அக்கா சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

4

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. விடியுமுன் போய் நம்பர் எடுக்க வேண்டும். காட்டில் பன்றி நிற்கும் என்பாள். மழை என்பாள். பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட வேண்டும் என்பாள். கடைசியில், நீ போகாவிட்டால் நான் என் மாத்திரையை விட்டுவிடுவேன் என்று மிரட்டினேன். சாந்தி கூட்டிக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இருப்பதேதான். சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை, இது மட்டும்.

மாத்திரை தொடங்கினார்கள். அங்கே கொடுப்பது நான் சாப்பிடுகிற ரகம் இல்லை. பழைய ரகம், நல்ல மருந்துதான், ஆனால் அளவு சரியா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கீரை வகையைக் கண்டபடி கூட்டிச் சாப்பிடக் கூடாது, கூட்டினால் மருந்து வேலை செய்யாது. எல்லாவற்றையும் கிளினிக் தாதி பொறுமையாகச் சொல்லியிருக்கிறார், சிங்களத்தில். சாந்திக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். ‘லே தியாரு கரன பெத்தி’ என்று தாதி சொன்னதை அவள் அக்காவுக்கு அப்படியே தமிழில் சொன்னாள்: ரத்தத்தைத் தண்ணியாக்குகிற மாத்திரை. தப்பே இல்லை. இங்கே என் டாக்டரும் ஆங்கிலத்தில் அதைத்தான் சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் அக்காவைத் தவிர உலகத்தில் எல்லோருக்கும் அது விளங்கும்.

பேக்கரியின் பின்னறையில் நின்று, கையில் மாவோடு அழுதேன், சந்தோஷத்தில். இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சாந்தியைப் பிடித்து ஏசியிருக்கிறார். மருந்து உடம்பில் சேர்ந்த அடையாளமே இல்லையாம். தினமும் தன் கையால்தானே கொடுக்கிறேன் என்று இவள் அழுதிருக்கிறாள். விசாரித்தால், அக்கா மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, வாய் கொப்புளிக்கிற சாக்கில் வெளியே போய்ச் சாக்கடைக் கானில் துப்பிவிட்டு வந்திருக்கிறாள். தொடங்கிய நாளிலிருந்தே.

நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

“நாலு புள்ளைக்கும் மிட்வைப் அம்மா கண்ணு எமையைப் புடிச்சுப் பாத்து, ரத்தம் தண்ணியாக் கெடக்கு, ரத்தம் தண்ணியாக் கெடக்குன்னு ஏசுவாங்க. அதுல ரெண்டு தங்கவும் இல்ல. இரும்பு மாத்திரை, முருங்கக்கீரை, பீட்ரூட்டுன்னு தின்னு தின்னுதான்டா இந்த ரத்தத்தைச் சேத்தேன். இப்ப கீரையை விடு, ரத்தத்தைத் தண்ணியாக்குங்கிற. யாருடா ஒனக்கு இதைச் சொன்னது?”

நம் பெண்களின் ரத்தத்தைப் பற்றி மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் சொன்ன ஒரே செய்தி அதுதான். தண்ணியாக இருக்கிறது, கெட்டியாக்கு. அதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். தன் அறைக்குப் பின்னால் முருங்கை வைத்து வளர்த்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவளிடம் போய், வெளிநாட்டிலிருந்து ஒருவன் தலைகீழாகச் சொன்னால்?

வேறு சொல் தேடினேன். தண்ணியாக்குவது இல்லை அக்கா, உறையாமல் பார்த்துக்கொள்வது. பால் தயிராக உறைகிறதல்லவா, அந்த மாதிரி நெஞ்சுக்குள் ரத்தம் உறைந்துவிடக் கூடாது. நல்ல விளக்கம் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

“தண்ணி ஊத்துனா பால் ஒறையாதுதான்” என்றாள். “அது அப்புறம் பாலும் இல்ல, தயிரும் இல்ல.”

கங்காணிகளையே பேசித் தோற்கடித்தவள். வாத்தியார் வேலை பார்த்த நான் எந்த மூலைக்கு?

5

ஒரு வழி கிடைத்தது. நான் பகலில் சாப்பிட உட்காரும்போது அவள் அங்கே வீடியோவில் வந்து என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒனக்காகத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். எழுபத்திரண்டு வயதுக்காரி, பொக்கை வாயைத் திறந்து, எனக்கு நாக்கைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். தேவி வந்திருந்த ஒரு நாள் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, மாத்திரை சாப்பிடு” என்றாள். மரியாதை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன் மக என்னைய வா போன்னு பேசுறா என்று அக்கா அன்று முழுக்கச் சிரித்தாளாம். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு சரிக்கு வந்திருந்தது. அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு மழை பிடித்தது. மண் சரிந்து ரோடு அடைபட்டது, போன் கோபுரமும் போனது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் அவர்கள் முகமே தெரியவில்லை. திரும்ப முகம் தெரிந்தபோது அக்கா முழங்கையைக் காட்டினாள். விறகு இடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. இந்த மாத்திரைக்கு அப்படிக் கன்றும். டாக்டரிடம் காட்டி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பக்கத்து அறைக் காம்பராக்காரி பார்த்துவிட்டு, ரத்தம் தண்ணியாகித் தோலுக்கடியில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“போதும் தம்பி. என் ரத்தம் எனக்கு வேணும்.”

அதற்குப் பிறகு நான் செய்யாதது ஒன்றுமில்லை. கெஞ்சினேன். ஏசினேன். செத்துப்போன அம்மாமேல் சத்தியம் கேட்டேன். கொழும்பிலிருந்து மோகனைப் போகச் சொன்னேன்; போனான், அவனுக்குக் கீரைக்கறி ஆக்கிப் போட்டு அனுப்பிவிட்டாள். அவளை நேரில் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் மாத்திரையையும் அவள் மாத்திரையையும் ஒரே கிளாஸ் தண்ணியில் விழுங்கினால் ஒருவேளை கேட்பாள் என்று தோன்றியது. போய்விடுவது என்று முடிவு செய்தேன். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்தேன்.

திரும்பி வந்தது ஒரு கேள்வி. பிறப்புச் சான்றில் இருப்பது ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பிறப்புப் பதிவில் தோட்டத்துத் துரையின் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயருக்கு நான் எங்கே போய் அத்தாட்சி தேட? கடிதம் எழுதினேன். போனில் காத்திருந்தேன், இசை போட்டார்கள். தேவி லீவு எடுத்துக்கொண்டு வந்து, என்னால் பேச முடியாத ஆங்கிலத்தில் அவர்களோடு சண்டை போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

6

சாந்தியின் போன் வந்தபோது அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவள் பேசுகிற நேரம் இல்லை. அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊற்றுத் தண்ணி விழும் பீலியில் தண்ணி பிடிக்கப் போன அக்கா குடத்தோடு சாய்ந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. வலது கை விழுந்துவிட்டது. கூடியவர்களில் யாரோ முனி என்று தொடங்கியதும், முனியும் இல்லை சனியும் இல்லை, இது நெஞ்சு என்று சாந்தி கத்தியிருக்கிறாள். ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். சரிந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியவில்லை. கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள் புகுந்து கீழ் ரோட்டுக்கு இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

நெஞ்சில் உறைந்த கட்டிதான் மூளைக்குப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இந்த வயதில் நிறையப் பார்க்கிறோம் என்றும் சொன்னாராம்.

நிறைய. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு எரிகிறது. நிறையப் பேருக்கு வருகிற ஒன்றை ஏன் அவ்வளவு பேரும் தெரியாமல் வைத்திருக்கிறோம்? இதைப் படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர் யார் இருக்கிறாரோ, அவர் கையைப் பிடித்துப் பாருங்கள். அடி ஒழுங்காக இல்லாவிட்டால் கேஸ்டிக் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், தண்ணியாக்குகிற மாத்திரை என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. நான் தேடித் தோற்றவன்.

7

அவள் பிழைத்துவிட்டாள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், நானும் கேட்பவர்களிடம் அதையே சொல்கிறேன். கண் விழித்துப் பார்க்கிறாளாம். ஆட்களைத் தெரிகிறதாம். கஞ்சி இறங்குகிறது. பேச்சு மட்டும் இல்லை. மாத்திரை இப்போது தாதி கொடுக்கிறார், பொடி செய்து, கஞ்சியில் கலந்து. துப்புவதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் நான் பேசுவேன். சாந்தி போனை அவள் காதில் வைப்பாள். என்ன பேசுவது? பீன்ஸ் காய்த்திருக்கிறது என்று சாந்தி சொன்னதை அவளுக்கே சொல்வேன். தேவிக்கு வேலை உயர்வு என்று சொல்வேன். நான் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்வேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கும். நடுவில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், சொல்லாகாத சத்தம். அது வந்ததும் நான் இன்னும் வேகமாகப் பேசுவேன். முந்தாநாள் அந்தச் சத்தம் அதிகமாக இருந்தது. பிறகு ஏதோ தட்டுகிற மாதிரிக் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சாந்தியே கூப்பிட்டாள்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க கொரலைக் கேட்டா அத்தைக்கு என்னமோ சொல்லணும்னு வருது. சொல்ல வரமாட்டேங்குது. நல்ல கையால வாயிலயே அடிச்சுக்கிறாங்க. நர்ஸ் அம்மா ஏசுறாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பேசாம இருங்க மாமா.”

சரிம்மா என்றேன்.

நேற்று சாந்தி வார்டுக்கு வெளியே வந்து நின்று பேசினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா முழித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். கொவன்ட்ரியில் என் அறையில் வேறு யாருமே இல்லை. ஆனாலும் அக்கா காதில் விழுந்துவிடாமல் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.